பக்கவாதம் வந்தவரைப் படுக்க வைக்காதீங்க (நீண்ட இழை)

1/
பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்து வீட்டுக்குப் போன ஒருவர் மூணு மாசம் கழிச்சு நிரந்தரப் படுக்கையில் கிடக்கிறார் என்றால், அதைத் தொடங்கி வைத்தது மூளையில் வந்த அடைப்பு. முடித்து வைத்தது பல நேரம் நாமதான். மருத்துவர்கள், அரசு, சொந்தக்காரங்க, யூடியூப் வைத்தியர்கள் எல்லாரும் சேர்ந்து.

கோபத்தோடதான் எழுதுறேன். வீட்ல பிரஷர், சுகர் இருக்கிற ஒருத்தர் இருந்தாலும் முழுசா படிச்சிடுங்க.

2/
நான் நரம்பியல் நிபுணர் இல்லை. அரசு மருத்துவமனை மெடிக்கல் வார்டில் வேலை பார்க்கிற எம்.பி.பி.எஸ். ஸ்ட்ரோக் நோயாளியை நடு ராத்திரி முதலில் பார்ப்பது, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது, மூணு மாசம் கழிச்சு அதே ஆள் முதுகில் படுக்கைப் புண்ணோட ஸ்ட்ரெச்சரில் வரும்போது மறுபடி அட்மிஷன் போடுவது எல்லாம் என்னை மாதிரி ஆளுங்கதான். அந்த இடத்தில் நின்னு பேசுறேன்.

3/
முதலில் நல்ல விஷயம். வாய் கோணினா, ஒரு பக்கம் கை கால் விழுந்தா, பேச்சு குழறினா உடனே 108-ஐக் கூப்பிடணும்னு இப்ப நிறைய பேருக்குத் தெரியும். அடைப்பினால் வரும் ஸ்ட்ரோக்கில் நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் மூளை நரம்பணுக்கள் செத்துப்போகுது. நாலரை மணி நேரத்துக்குள் வந்தால், தகுதி உள்ளவர்களுக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். 'கோல்டன் ஹவர்' என்ற வார்த்தை கிராமம் வரைக்கும் போயிருக்கு. சந்தோஷம்.

பிரச்சினை என்னன்னா, நம்ம பேச்சு அந்த நாலரை மணி நேரத்தோடு நின்னுடுது. அதுக்கப்புறம் வர்ற நாலரை மாசத்தைப் பத்தி யாரும் பேசுறதில்லை.

4/
டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்க. மாத்திரைக்கு எல்லாம் கணக்கு இருக்கும். இத்தனை மில்லிகிராம், காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்குப் பின். கடைசி வரியில் 'பிசியோதெரபி தொடரவும்' என்று இருக்கும்.

எங்கே? யார்கிட்ட? வாரத்துக்கு எத்தனை நாள்? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? எதுவும் இருக்காது. கணக்கே இல்லாமல் 'பிரஷர் மாத்திரை போடவும்' என்று ஒரு டாக்டர் எழுதினால் சண்டைக்குப் போவீங்க. இதுக்கு மட்டும் தலையாட்டிட்டு வீட்டுக்குப் போறீங்க.

5/
அந்த ஒரு வரி ஏன் அவ்வளவு முக்கியம்?

செத்த நரம்பணு திரும்ப முளைக்காது. ஆனால் அதைச் சுத்தி இருக்கிற, உயிரோட இருக்கிற மூளைப் பகுதிகள் அந்த வேலையைக் கத்துக்க முடியும். இதைத்தான் நியூரோபிளாஸ்டிசிட்டி என்கிறோம்.

வயல் நடுவே ஒத்தையடிப் பாதை எப்படி உருவாகுது? யாரும் போடுறதில்லை. தினம் கால் பட்டுப் பட்டு உருவாகுது. மூளையில் புதுப் பாதையும் அப்படித்தான். ஒரே அசைவை நூறு தடவை, ஆயிரம் தடவை முயற்சி செய்யணும். முயற்சியே இல்லைன்னா பாதையும் இல்லை. எந்த மாத்திரையும் அந்த வேலையைச் செய்யாது.

6/
இதில் காலக்கெடு இருக்கு. பெரும்பாலானவர்களுக்கு வேகமான முன்னேற்றம் முதல் மூணு மாசத்தில். ஆறு மாசம் வரை நல்லாவே தொடரும். அதுக்குப் பிறகும் முன்னேற்றம் உண்டு, ஆனால் மெதுவா, கஷ்டப்பட்டு.

அந்தத் தங்கமான மூணு மாசத்தில் நம்ம வீடுகளில் நடப்பது என்ன? கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டு, வாட்டர் பெட் வாங்கி, டயப்பர் கட்டி, "நல்லா ரெஸ்ட் எடுங்க"ன்னு படுக்க வைக்கிறோம். பார்க்க வர்ற ஒவ்வொருத்தரும் ஹார்லிக்ஸ் பாட்டிலோட வந்து, "அலட்டிக்காதீங்க, படுங்க படுங்க"ன்னு சொல்லிட்டுப் போறாங்க.

7/
வார்டில் பார்த்த ஒருத்தரைப் பத்திச் சொல்றேன். கொத்தனார், 50 வயசு தாண்டினவர். இடது பக்கம் விழுந்து வந்தார். பத்து நாளில் வீட்டுக்குப் போனார். மூணு மாசம் கழிச்சு முதுகுக்குக் கீழே கை நுழையுற அளவு புண்ணோட வந்தார்.

காலைத் தூக்கச் சொன்னேன். தூக்கினார்! தொடையில் நல்ல பலம் திரும்பி இருந்தது. மூளை தன் வேலையைச் செஞ்சு முடிச்சிருக்கு. ஆனால் முழங்கால் மடங்கினபடியே இறுகிப் போச்சு, நீட்ட முடியலை. நீட்ட முடியாத காலில் எப்படி நிக்கிறது?

காரணம் என்ன தெரியுமா? முழங்காலுக்கு அடியில் மூணு மாசமா ஒரு தலையணை. "அவருக்கு வலிக்கக் கூடாதுன்னு வெச்சோம் சார்."

8/
அந்த வீட்டம்மா மேல எனக்குக் கோபமே இல்லை. ராத்திரி பகலா கண்ணு முழிச்சுப் பார்த்துக்கிட்டவங்க. தலையணை வைக்கக் கூடாதுன்னு அவங்களுக்கு ஒருத்தர் கூடச் சொல்லலை. சொல்ல வேண்டிய வேலை யாருக்கும் ஒதுக்கப்படலை. அதுதான் என் கோபம்.

படுக்கை என்ன செய்யும்னு பட்டியல் போடுறேன்: சில நாளிலேயே தசை கரைய ஆரம்பிக்கும். மூட்டு இறுகும். குதிகால் மேலே தூக்கி, பாதம் தொங்கிப் போகும். கால் நரம்பில் ரத்தம் உறையும். நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வரும். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, புண். ஸ்ட்ரோக் விட்டு வைத்த ஆளைப் படுக்கை கொண்டு போறதை வார்டில் பார்த்திருக்கோம்.

9/
உடனே, "அப்ப ஐ.சி.யூ.லயே எழுப்பி நடக்க விடணுமா?"ன்னு கேப்பீங்க. வேண்டாம். அதையும் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. 'அவெர்ட்' என்ற ஆய்வு, 2015-இல் லான்செட் இதழில் வந்தது. ஐந்து நாடுகள், 2,104 நோயாளிகள். முதல் 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி, அதிக நேரம் எழுப்பி நிற்க வைத்த குழுவில் நன்றாகத் தேறினவர்கள் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தாங்க.

அதனால் முதல் நாள் வீரம் வேண்டாம். நிலைமை சீரானதும், மருத்துவக் குழு சரின்னு சொன்னதும், கொஞ்சம் கொஞ்சமா, ஆனால் தினமும். பெரும்பாலானவர்களுக்கு இது ஓரிரு நாளிலேயே தொடங்க முடியும். மாசக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை.

10/
அடுத்து, எல்லாக் குடும்பமும் கேட்கும் கேள்வி: "எப்ப டாக்டர் நடப்பாரு?"

கேள்வியையே கொஞ்சம் மாத்துங்க. எங்களுக்கு 'பார்தெல் இன்டெக்ஸ்' என்று ஓர் அளவுகோல் உண்டு. 1965-லிருந்து புழக்கத்தில் இருக்கு. பத்தே பத்து விஷயம்: சாப்பிடுவது, குளிப்பது, தலை சீவி முகம் கழுவுவது, உடை மாத்துவது, மலம், சிறுநீர், கக்கூஸ் போய் வருவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படி ஏறுவது.

நடப்பது இதில் ஒண்ணுதான். நடக்காமலே ஒருத்தர் தானே சாப்பிட்டு, தானே சட்டை போட்டு, நாற்காலிக்கு மாறி, கக்கூஸ் போய் வர முடிஞ்சா அது பாதி விடுதலை. நோயாளிகிட்ட தனியா கேட்டுப் பாருங்க. "நடக்கணும்"னு சொல்றதுக்கு முன்னாடி, "மகள் கையில கழுவ விடுறது தாங்கலை சார்"னுதான் சொல்லுவாரு.

11/
சோத்துக்கை விவகாரத்துக்கு வரேன். வலது பக்கம் விழுந்தவர்களுக்கு நம்ம ஊரில் ஒரு கூடுதல் தண்டனை உண்டு. இடது கையால் சாப்பிடுவது அசிங்கம் என்று நினைச்சு, அவரும் சாப்பிட மாட்டார், வீட்டிலும் விட மாட்டாங்க. ஆறு மாசம் ஊட்டி விடுவாங்க.

ஒரு கரண்டியை வாங்கி இடது கையில் கொடுங்க. தட்டு நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி போடுங்க. சிந்தும். சிந்தட்டும். முக்கால் மணி நேரம் ஆகும். ஆகட்டும். அதே நேரம் வலது கையைத் தட்டுப் பக்கத்தில் வெச்சு, முடிஞ்ச அளவு பிடிக்க, தள்ள, தூக்க முயற்சி செய்ய விடுங்க. அந்தக் கையை மறந்துட்டா மூளையும் அதை மறந்துடும்.

12/
கக்கூஸ். யாரும் பேச விரும்பாத, ஆனால் எல்லாத்தையும் தீர்மானிக்கிற இடம். கிராமத்து வீட்டில் அது கொல்லைப்புறத்தில், ரெண்டு படி ஏறி, குத்த வெச்சு உட்கார்ற மாதிரி இருக்கும். ஒரு பக்கம் விழுந்தவர் அங்கே போக முடியாது. அதனால் டயப்பர். டயப்பர் போட்டா எழுந்திருக்க அவசியமே இல்லை. எழுந்திருக்கலைன்னா பலம் வராது.

கமோட் சேர் வாங்க வசதி இல்லையா? கால் ஆடாத, கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் சேரில் நடுவில் வெட்டி, ஓரத்தை வழவழப்பாக்கி, அடியில் வாளி. சேரைச் சுவரோரம் வைங்க, உட்காரும்போதும் எழும்போதும் ஒருத்தர் பிடிச்சுக்கோங்க. சுவரில் ஒரு கம்பி அடிங்க. வாட்டர் பெட்டுக்குச் செலவு செய்யும் முன் இதைச் செய்யுங்க.

13/
தோள்பட்டை. விழுந்த பக்கக் கையைப் பிடிச்சு இழுத்துத் தூக்காதீங்க. அந்தத் தோளைத் தாங்குற தசைகள் தளர்ந்திருக்கும். இழுத்தா மூட்டு கீழே இறங்கும், அப்புறம் ராத்திரி தூங்க விடாத வலி. அந்த வலி இருக்கிறவர் பயிற்சிக்கே வர மாட்டார். தூக்கணும்னா இடுப்பைப் பிடிங்க. உட்காரும்போது அந்தக் கைக்கு அடியில் தலையணை. முழங்காலுக்கு வெச்ச தலையணையை எடுத்துக் கைக்கு வைங்க, போதும்.

14/
விழுங்குறது. ஸ்ட்ரோக் வந்த புதிதில் நிறைய பேருக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கும். நமக்கு அண்ணாந்து குடிச்சுப் பழக்கம். இவர்களுக்கு அது ஆபத்து, தண்ணி நேரா நுரையீரலுக்குப் போகும். நிமிர்ந்து உட்கார வெச்சு, தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கி, சின்னச் சின்ன மடக்கா கொடுங்க. இருமல் வந்தா, குரல் கரகரன்னு ஈரமா மாறினா நிறுத்திட்டு டாக்டர்கிட்ட சொல்லுங்க. சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க விடாதீங்க. விழுங்கப் பழகும் முன் மூக்கு டியூபை நீங்களே உருவாதீங்க.

15/
பேச்சு. இது இந்த இழையிலேயே என்னை ரொம்ப வேகப்படுத்துற விஷயம்.

மூளையின் பேச்சுப் பகுதி அடிபட்டால் வார்த்தை வராது. சிலருக்கு நாம சொல்றதும் முழுசா புரியாது. ஆனால் பலருக்கு நல்லாவே புரியும், திருப்பிச் சொல்லத்தான் முடியாது. புத்தி அப்படியே இருக்கும். அவர் முன்னாடியே, "இதுக்கு ஒண்ணும் புரியாதுப்பா, எத்தனை நாள் தாங்கும்னு தெரியலை"ன்னு பேசுறாங்க. கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கார் மனுஷன்.

இன்னும் மோசம், கையெழுத்துப் போடத் தெரிஞ்சவர் விரலைப் பிடிச்சு பத்திரத்தில் கைநாட்டு வாங்குறது. அவர் அழுதால், "ஸ்ட்ரோக் வந்தவங்க இப்படித்தான் சும்மா அழுவாங்க"ன்னு விளக்கம் வேற.

16/
அழுகைன்னதும் சொல்லணும். ஸ்ட்ரோக் வந்தவர்களில் சுமார் மூணில் ஒருத்தருக்கு மனச்சோர்வு வருது. இது பலவீனம் இல்லை, நோயின் பகுதி. சாப்பிட மறுக்கிறார், பயிற்சிக்கு ஒத்துழைக்கலை, "பிடிவாதம் புடிக்கிறார்"னு நீங்க சொல்றதில் பாதி இதுவா இருக்கலாம். இதுக்குச் சிகிச்சை இருக்கு. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கார். கூட்டிட்டுப் போங்க.

17/
பெண் நோயாளி என்றால் கதை வேற. அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தால் பிசியோவுக்கு ஆட்டோ வரும். அம்மாவுக்கு வந்தால், "அவங்களை யாரு தூக்கிட்டு அலையுறது, வீட்லயே இருக்கட்டும்." வார்டில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

முப்பது வருஷம் எல்லாருக்கும் சமைச்சவங்க. அவங்க எழுந்து நடக்கலைன்னா வீடே நின்னுடும்னு தெரிஞ்சும் இப்படி. காய் நறுக்க ஒரு கை, வெங்காயம் உரிக்க ரெண்டு கை, துணி மடிக்கத் தோளும் விரலும். அவங்களுக்குத் தெரிஞ்ச வேலைதான் அவங்களுக்கு நல்ல பயிற்சி. உட்கார வெச்சுக் கொடுத்துப் பாருங்க. நான் சொல்றது வேலை வாங்குறதை இல்லை. கையைத் திரும்பக் கொடுக்கிறதை.

18/
இப்ப வியாபாரிகளுக்கு வருவோம்.

புறா ரத்தம். இன்னும் பூசுறாங்க, குடிக்கவும் கொடுக்கிறாங்க. புறா ரத்தம் சூடு, அதனால் வாதம் போயிடும்னு கதை. மூளைக்குள் இருக்கிற அடைப்புக்கும் தோல் மேல பூசுற ரத்தத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பாவம் அந்தப் புறா. விழுங்க முடியாதவர் வாயில் ஊத்தினா நிமோனியா.

எண்ணெய் தேய்ச்சு விடுறதில் எனக்குப் பகை இல்லை. மெதுவா தேய்ச்சா இதமா இருக்கும். ஆனால் அது நீங்க செய்யுற வேலை. மூளை கத்துக்க, அவர் செய்யணும். அந்த நாப்பது நாள் எண்ணெய் வைத்தியத்துக்காக பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்ற ஆளைக் கண்டா கும்பிடு போட்டு வெளியே வந்துடுங்க.

19/
நம்ம தரப்பு வியாபாரத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. "நரம்புக்குச் சக்தி தர்ற ஊசி" பல இடங்களில் தாராளமா போகுது. சிட்டிகோலின் என்ற மருந்தை எடுத்துக்கோங்க. 'இக்டஸ்' ஆய்வு, 2012, 2,298 நோயாளிகள். மருந்து வாங்கினவர்களும் வெற்று மருந்து வாங்கினவர்களும் ஒரே மாதிரிதான் தேறினாங்க. அப்பவும் மாசக்கணக்கில் எழுதுறாங்க. பி12 குறைபாடு இருந்தால் பி12 ஊசி சரி. இல்லாதவருக்கு எதுக்கு?

அந்த ஊசிக் காசில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டை வாரம் சில நாள் வீட்டுக்கு வரவழைச்சிருக்கலாம். ஊசிக்குக் கணக்குப் பார்க்காத குடும்பம் பிசியோ ஃபீஸுக்குப் பேரம் பேசுது. ஏன்னா ஊசி 'வைத்தியம்', பிசியோ 'எக்சர்சைஸ்'.

20/
இன்னும் சிலருக்கு பிசியோ என்றாலே 'கரண்ட் வைக்கிறது'. "பதினஞ்சு நாள் கரண்ட் வெச்சோம் டாக்டர், ஒண்ணும் ஆகலை." மின் தூண்டுதல் சிலருக்கு, சில இடத்தில், பயிற்சியோடு சேர்ந்து உதவும். வயரை ஒட்டிட்டு நோயாளி ஃபேனைப் பார்த்துப் படுத்திருந்தா அது சிகிச்சை ஆகாது. நல்ல பிசியோ செஷன் முடிஞ்சா நோயாளிக்கு வேர்த்திருக்கணும்.

21/
அடுத்து, லட்சம் ரூபாய் ரோபோ சென்டர்கள். "மெஷின் இருந்தா நடந்துடுவாராமே?" 2011-இல் 'லீப்ஸ்' என்ற அமெரிக்க ஆய்வு வந்தது. 408 பேர். ஒரு தரப்புக்கு உடலைக் கயிற்றில் தாங்கிப் பிடித்து டிரெட்மில்லில் நடைப் பயிற்சி. இன்னொரு தரப்புக்கு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுத்த உடற்பயிற்சி. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தால் மொத்தத்தில் 52 சதவீதம் பேரின் நடை ஒரு படி மேலே போயிருந்தது. ரெண்டு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

நிலத்தை வித்து மெஷின் தேடிப் போகாதீங்க. வீட்டு முற்றம் போதும்.

22/
"ஆஹா, அப்ப வீட்டுக்காரங்களே பார்த்துக்கலாம், அரசுக்குச் செலவே இல்லை"ன்னு முடிவு கட்டுறவங்களுக்கு அடுத்தது. இது நம்ம நாட்டிலேயே நடந்த ஆய்வு. பெயர் 'அட்டெண்ட்'. 2017, லான்செட். இந்தியாவின் 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். ஒரு தரப்பில் குடும்பத்தினருக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டில் அவர்களையே மறுவாழ்வுப் பயிற்சி செய்ய வைத்தார்கள். இன்னொரு தரப்பில் வழக்கமான சிகிச்சை மட்டும்.

ஆறு மாசத்தில் இறந்தவர்கள், அடுத்தவரைச் சார்ந்து இருந்தவர்கள் சேர்த்து ரெண்டு பக்கமும் 47 சதவீதம். வித்தியாசம் இல்லை.

23/
இந்த ரெண்டு ஆய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் படிங்க. நான் படிக்கிறது இதுதான்: விலை உயர்ந்த மெஷின் அவசியம் இல்லை. ஆனால் மகளையும் மருமகளையும் சம்பளமில்லா பிசியோதெரபிஸ்ட் ஆக்கிட்டு அரசு ஒதுங்கிக்கவும் முடியாது. வேண்டியது பயிற்சி பெற்ற மனுஷங்க. தொடர்ந்து, பல வாரம், நோயாளி இருக்கிற இடத்துக்கு வர்ற பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர்.

குடும்பம் கூட நிக்கணும். அதுக்கு முந்தின பத்தி எல்லாம் எழுதினேன். குடும்பம் கூட நிக்கத்தான் முடியும், பதிலா நிக்க முடியாது.

24/
தமிழ்நாட்டில் இதுக்கு அடித்தளம் இருக்கு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்'. வீட்டுக்கே பிரஷர், சுகர் மாத்திரை மட்டும் இல்லை, வீட்டுக்கே இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. இது நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது. நல்ல திட்டம், அதில் வேலை செய்யுற பிசியோதெரபிஸ்ட்டுகளுக்கு என் மரியாதை.

ஆனால் ஒரு வட்டாரத்துக்கு விரல் விட்டு எண்ணுற அளவுதான் ஆட்கள். அத்தனை ஊருக்கும் ஓடி, ஒரு நோயாளியை எத்தனை தடவை பார்க்க முடியும்? வாரத்துக்கு அஞ்சு நாள் வேண்டிய இடத்தில் எப்பவாவது ஒரு நாள் போனால், பதிவேட்டில் டிக் விழும். காலில் பலம் விழாது.

25/
"ஜி.எச்.சுக்கு வந்து பிசியோ எடுத்துக்கலாமே, இலவசம்தானே?"

இலவசம்தான். டவுன் பஸ்சில் மகளிருக்கும் டிக்கெட் இல்லை, மாற்றுத்திறனாளிக்கும் டிக்கெட் இல்லை. ஆனால் பஸ் படி ஏறணுமே! ஏத்தி விட ரெண்டு பேர் வேணும். அந்த ரெண்டு பேரும் தினக்கூலி. நோயாளி ஒருத்தருக்கு ஒரு மணி நேர பிசியோவுக்கு வீட்டில் ரெண்டு நாள் கூலி போகுது. ஒரு வாரம் வருவாங்க. ரெண்டாவது வாரம் வர மாட்டாங்க. நாங்க கேஸ் ஷீட்டில் 'நோயாளி வரவில்லை'ன்னு எழுதுவோம்.

26/
"வயசானவர் டாக்டர், இனி நடந்து என்ன பண்ணப் போறார்?" இந்தக் கேள்விக்கு எனக்குப் பொறுமை கிடையாது. எழுபது வயசுக்காரர் யார் உதவியும் இல்லாமல் கக்கூஸ் போனால், அவர் மானமும் மிஞ்சும், அவரைப் பார்த்துக்கிற மருமகளுக்கு வேலைக்குப் போகவும் முடியும்.

அதே நேரம் பொய் நம்பிக்கையும் கொடுக்க மாட்டேன். மூளையில் பெரிய பகுதி போயிருந்தால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் சிலர் நடக்க மாட்டாங்க. அவர்களுக்கு வீல்சேர் தோல்வி இல்லை. வீல்சேரில் வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்க்கிறவருக்கும், மோட்டைப் பார்த்துப் படுத்திருக்கிறவருக்கும் வித்தியாசம் மலையளவு.

27/
ஒரு தடவை ஸ்ட்ரோக் வந்தவருக்கு இன்னொரு தடவை வரும் ஆபத்து அதிகம். கை கால் தேறினதும், "சரியாயிடுச்சு"ன்னு மாத்திரையை நிறுத்தாதீங்க. பிரஷர், சுகர், கொழுப்பு, ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை, பீடி சிகரெட் குடிக்காமல் இருப்பது. கஷ்டப்பட்டுப் போட்ட ஒத்தையடிப் பாதையை ரெண்டாவது ஸ்ட்ரோக் ஒரே ராத்திரியில் அழிச்சிடும்.

ஊனம் நிலைச்சுட்டா கூச்சப்படாமல் சான்றிதழ் வாங்குங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, மருத்துவ மதிப்பீட்டில் 40 சதவீதமோ அதுக்கு மேலயோ வந்தால் பல சலுகைகளுக்கு வழி உண்டு. அது பிச்சை இல்லை, உரிமை.

28/
அரசுகிட்ட நான் கேட்கிறது:

- ஸ்ட்ரோக் நோயாளி டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே, அவர் வட்டார பிசியோதெரபிஸ்ட்டின் பெயர், முதல் வருகைத் தேதி சம்மரியில் இருக்கணும்.
- முதல் மூணு மாசத்துக்கு வாரத்துக்கு இத்தனை தடவை என்று அளவு நிர்ணயிக்கணும். அதுக்கு ஏற்ப ஆள் எடுக்கணும்.
- வாக்கர், கமோட் சேர், வீல்சேர் எல்லாம் ஜி.எச்.சில் இரவலாகக் கிடைக்கணும். தேறினவர் திருப்பிக் கொடுக்கட்டும்.
- கூட வர்றவருக்கு அந்த நாள் கூலியில் ஒரு பகுதியாவது கொடுக்கணும்.
- எத்தனை உயிர் காப்பாத்தினோம் என்பதோடு, மூணாவது மாசம் எத்தனை பேர் தானே கக்கூஸ் போறாங்க என்பதையும் கணக்கெடுக்கணும். அந்த எண்ணை யாராவது மேலே அனுப்பச் சொன்னால்தான் கீழே வேலை நடக்கும்.

29/
உங்ககிட்ட கேட்கிறது. டிஸ்சார்ஜ் அன்னைக்கு டாக்டரை விடாமல் நிறுத்தி நாலு கேள்வி கேளுங்க:

ஒண்ணு, நாளைக்குக் காலையில் இவரை எப்படி உட்கார வைக்கணும், எவ்வளவு நேரம்?
ரெண்டு, வாய் வழியா என்ன கொடுக்கலாம், எப்படிக் கொடுக்கணும்?
மூணு, பிசியோ யார், எங்கே, எந்த நாள்?
நாலு, கட்டிலிலிருந்து சேருக்கு மாத்துறதை எனக்கு இப்பவே செஞ்சு காட்டுங்க.

நாலாவதைப் பார்க்காமல் வார்டை விட்டு நகராதீங்க. நாங்க எரிச்சல் படுவோம். படட்டும். கூட்டம் அதிகம், ஆள் குறைவு, எல்லாம் உண்மை. இருந்தாலும் அந்த அஞ்சு நிமிஷம் உங்களுடையது.

30/
வீட்டுக்குப் போன பிறகு: ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாத்துங்க. மூணு வேளைச் சாப்பாடும் உட்கார்ந்துதான். கட்டிலை அவர் விழுந்த பக்கத்தில் இருந்து ஆட்கள் வந்து பேசுற மாதிரி போடுங்க, அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கப் பழகுவார். சட்டையை முதலில் விழுந்த கையில் மாட்டச் சொல்லுங்க. அவரால் பாதி முடியுற வேலையில் பாதியை அவருக்கே விடுங்க.

பார்க்க வர்ற சொந்தக்காரங்க "படுங்க படுங்க"ன்னு ஆரம்பிச்சா, இந்த இழையைக் காட்டுங்க. பகிருங்க. கேள்வி இருந்தால் கீழே கேளுங்க, டியூட்டி முடிஞ்சு வந்து பதில் சொல்றேன்.